பதினொரு பேருக்குப் பத்துப் பிலாவிலை

என் வாய்தான் எனக்கு எதிரி என்று என் கணவர் கல்யாணமான நாள் முதல் சொல்லிவருகிறார். அது பொய்யில்லை. ஆனால் அந்த வாயால்தான் பாரிசில், லா ஷப்பலில், நாலாம் மாடியில், ஒரு பலாமரம் வளர்ந்தது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லவேண்டும். சொல்லமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

2011 கோடை. நான் பாரிசுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், பாரிசை அடுத்த லா கூர்னெவில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கூழ் காய்ச்சுவார்கள். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, உறைப்பும் புளியுமாக ஒரு பெரிய பானை நிறைய. அன்றைக்குக் குடும்பம் முழுக்க அங்கேதான். புதுப்பெண் என்பதால் நானும் குனிந்த தலை நிமிராமல் நல்ல பிள்ளையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கப் வந்தது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஆரஞ்சுச் சாறு ஊற்றிக் கொடுக்கிற சாமான். கூழின் சூட்டில் அது நெளிந்தது.

"கூழை உந்தப் பிளாஸ்டிக்கிலையோ குடிக்கிறது? பிலாவிலையிலை குடிச்சாத்தானே கூழ்," என்று வாய் சொல்லிவிட்டது.

பலாவை எங்கள் பக்கத்தில் பிலா என்போம். அதன் இலையைக் கோலி, ஈர்க்கால் குத்தி, கையில் பிடித்துக்கொண்டால் அகப்பையால் வார்ப்பார்கள். முடிய முடிய வார்ப்பார்கள். அதுதான் முறை. நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, சொன்ன இடம்தான் பிழை.

மச்சாள் அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வந்து ஆறு மாசம் ஆகேல்லை, எங்களுக்குக் கூழ் குடிக்கப் பழக்க வந்திட்டா! அப்ப வரேக்கை ஒரு மரத்தையும் கையோடை கொண்டு வந்திருக்கலாமே?"

வீடே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் என் கணவர். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை, அவரையும் மறக்க விட்டதில்லை.

"கொண்டுவரத் தேவையில்லை மச்சாள். இஞ்சையே வளர்த்துக் காட்டுறன். உங்கடை இதே வீட்டிலை, என்ரை மரத்து இலையிலை கூழ் குடிப்பம்."

"பாப்பம், பாப்பம்," என்றார் மச்சாள். குசினிக்குள் போய், கூழுக்குப் போட்டு மிஞ்சிய பச்சைப் பலாக்கொட்டைகள் ஒரு கைப்பிடியை அள்ளி, கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இந்தாரும், உம்மடை மரம்."

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் என்னைக் கண்டால் சுகம் விசாரிக்கிறவர்கள் இல்லை. "மரம் என்ன மாதிரி?" என்றுதான் கேட்பார்கள். ஊரைவிட்டு, தாய் தகப்பனை விட்டு வந்த எனக்கு பாரிசில் இருந்த சொந்தம் அவர்கள் மட்டும்தான். அவர்களிடையே நான் ஒரு வாய்க்காரி என்று பெயர் எடுப்பதா, சொன்னதைச் செய்தவள் என்று பெயர் எடுப்பதா என்பது அந்தக் கடதாசிக்குள் இருந்தது. வேறு யாருக்கும் அது விளையாட்டு. எனக்கு இல்லை.

விதை என்றால் காயவைக்கவேண்டும். மிளகாயோ கத்தரியோ சுரைக்காயோ, எங்கள் வீட்டில் எல்லா விதையையும் சாம்பல் பிரட்டி வெயிலில் காயவைத்துத்தான் எடுத்து வைப்பார்கள். சரி, சாம்பலுக்கு எங்கே போவது? மின்சார அடுப்பு சாம்பலா தரப்போகிறது? வீட்டில் இருந்த ஒரே சாம்பல் சாமித்தட்டில் இருந்த திருநீறு. பலாக்கொட்டைக்கு நன்றாகத் திருநீறு பூசி, யன்னல் ஓரத்தில் ஒரு மாதம் வெயில் காட்டினேன். கொட்டையைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்றது. நல்லாய்க் காய்ந்துவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு திருப்தி. பிறகு மண்ணில் ஊன்றி, இலையுதிர் காலம் முழுக்கக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"திருநீறும் பூசி விட்டீர். அதுகள் நேரை மோட்சத்துக்குப் போயிருக்கும்," என்றார் கணவர்.

பலாக்கொட்டையைக் காயவைக்கவே கூடாது, ஈரம் போனால் உயிரும் போய்விடும், பழத்திலிருந்து எடுத்த கையோடு மண்ணுக்குள் போகவேண்டும் என்று பிறகுதான் அறிந்தேன். ஊரில் எங்கள் வீட்டைச் சுற்றிய வளவில் நின்ற பலாக்களை யாரும் நட்டதில்லை. விழுந்தது, முளைத்தது, அவ்வளவுதான். பலாமரத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்தும் பலாவைப் பற்றி ஒரு மண்ணும் எனக்குத் தெரியவில்லை என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அந்தக் கோடையில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு கடையில் பலாப்பழத் துண்டு வாங்கினேன். சுளையைத் தின்ற வாய் துடைக்குமுன் ஒன்பது கொட்டைகளைக் கழுவி, தயிர் வாளிகளில் ஓட்டை போட்டு ஊன்றினேன். மூன்று வாரத்தில் மூன்று முளைத்தன. மண்ணைப் பிளந்துகொண்டு, தடித்த பச்சைத் தண்டு, திமிராக. எனக்கு மகள் பிறந்ததுக்கு அடுத்த சந்தோஷம் அது. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் வாளி என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டினேன்.

இங்கேதான் அடுத்த கூத்து. கண்டு, அதுதான் இளங்கன்று, மதமதவென்று வளர மீன் கழுவின தண்ணீர் விடவேண்டும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மைதான், வளவில் விட்டால். நான் விட்டது பூட்டிய யன்னலுக்குள், நவம்பர் மாதம், சூடேற்றி எரிந்துகொண்டிருந்த அறைக்குள். அதுவும் ஒருநாள் இருநாள் இல்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கேயப் பெண்மணி கதவைத் தட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். இல்லை, மரம் வளர்க்கிறோம் என்றேன். அவர் என் கணவரைத்தான் பார்த்தார். இவரோ தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

மீன் தண்ணீர் போதாதென்று தினமும் காலையில் நல்ல தண்ணீரும் ஊற்றினேன். குளித்ததும் மரத்துக்குத் தண்ணீர் விடுவது என் கையோடு பிறந்த பழக்கம். மூன்று கண்டில் இரண்டு வேர் அழுகிச் செத்தன.

நான் காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிற வேலைக்குப் போகிறவள். அங்கே பெரிய பெரிய சாடிகளில் மரங்கள் நிற்கும். அவற்றைப் பராமரிக்க மாதத்தில் இரண்டு தரம் ஒருவன் வருவான். மண்ணுக்குள் விரலை விடுவான், எடுப்பான், அடுத்த சாடிக்குப் போவான். தண்ணீர் விடாமலே போய்விடுவான். சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி ஏமாற்றுகிறானே என்று மனத்துக்குள் எத்தனை நாள் திட்டியிருப்பேன்! கண்டுகள் செத்த பிறகுதான் அவன் விரல் எதைத் தேடியது என்று விளங்கியது. அன்று வீட்டுக்கு வந்து, மிஞ்சிய ஒற்றைக் கண்டின் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். குளிரில் ஈரச் சேறு. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஒரு சொட்டும் விடவில்லை. கை துடித்தது, ஆனாலும் விடவில்லை.

அந்த ஒன்று தப்பியது.

தப்பியதைத் தப்பவைப்பது பெரிய சோலி. யன்னல் கண்ணாடியில் முட்டினால் இலை கறுக்கும். சூடேற்றிக்குப் பக்கத்தில் வைத்தால் கருகும். இரண்டுக்கும் நடுவில், கவிழ்த்த வாளியின் மேல் வைத்தேன். தண்ணீரைக் கைச்சூட்டுக்கு ஆக்கி விட்டேன். ஆனால் வெளிச்சத்துக்கு என்ன செய்வது? டிசம்பரில் எங்கள் முற்றத்துப் பக்க யன்னலில் பகல் வந்து போவதே தெரியாது. ஒருநாள் வேலை முடிந்து வந்த கணவர் கோட்டுக்குள் இருந்து ஒரு பெட்டியை எடுத்தார். செடி வளர்க்கிற விளக்கு. அவர் உணவகக் குசினியில் வேலை செய்பவர். பத்து மணித்தியாலம் நின்ற காலோடு, அந்த விளக்கைத் தேடி எங்கோ போய் வாங்கி வந்திருந்தார்.

"சும்மா பகிடிக்கு வாங்கினனான். உம்மடை ராசாவுக்கு ஒரு சூரியன்," என்றார்.

பகிடிக்கு வாங்கினவர் ஏணி வைத்து ஏறி, உயரம் பார்த்துப் பார்த்து மாட்டினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

2014இல் மரம் என் இடுப்பளவு. அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. முதலில் வந்த இலைகள் முழுசாக, சிறிதாக இருந்தன. அதற்குப் பிறகு வந்தவை ஒவ்வொன்றும் மூன்றாகப் பிளந்து, விரல் விரித்த கைபோல வந்தன. பலா இலை அப்படி இருக்காது என்று பிறந்த பிள்ளைக்கும் தெரியும். மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்கு வந்த மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றிவந்து பார்த்தார்.

"உது பிலா இல்லை. உது ஈரப்பிலா, அதின்ரை இலைதான் உப்பிடிப் பிளந்திருக்கும். நீர் கொட்டை மாறி நட்டிருக்கிறீர்."

"ஈரப்பிலாவுக்குக் கொட்டையே இல்லை மச்சாள். மரத்தைப் பற்றித் தெரியாமல் கதைக்கக்கூடாது."

"அப்ப இதென்ன கண்டறியாத மரம்? இதிலை கூழை வார்த்தா காலிலைதான் ஊத்துப்படும்."

அன்று பொழுது படுவதற்குள் செய்தி குடும்பம் முழுக்கப் போய்விட்டது. மச்சாள் போனதும் கதவைச் சாத்திவிட்டு ஓர் இலையைப் பிடுங்கி, கோலி, தண்ணீர் வார்த்துப் பார்த்தேன். பிளவுகளால் ஒழுகி என் கால்தான் நனைந்தது. அழுதேன். மரம் பிழைத்துவிட்டதே என்றும் அழுதேன். செத்திருந்தால் சொல்ல ஒரு சாட்டாவது இருந்திருக்கும். அந்த யோசனை வந்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. போய் விரலை விட்டு மண் பார்த்தேன்.

ஊருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது தம்பி, "இளம் பிலாவுக்குச் சில நேரம் இலை அப்பிடித்தான் பிளந்து வரும், போகப் போக மாறும்" என்றான். எப்போது மாறும் என்று அவனுக்கும் தெரியவில்லை. அதை நம்பி இரண்டு வருடம் இருந்தேன். அந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் இலையெல்லாம் ஈரத் துணியால் துடைக்கும்போது மனத்துக்குள் ஒரே படம்தான் ஓடும். எல்லோர் கையிலும் பிலாவிலை. மச்சாளுக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கப். "உங்களுக்கு இதுதானே மச்சாள் பழக்கம்?" என்று நான் கேட்பேன். எந்தக் குரலில் கேட்பது என்பதுகூடத் தீர்மானமாக இருந்தது. நல்ல மனுசி என்று என்னைப் பற்றி நான் எங்கும் சொல்லவில்லையே.

2016 வசந்தத்தில், ஒரு காலை, நுனி மொட்டு விரிந்து ஓர் இலை வந்தது. பிளவில்லை. இரண்டு நாள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அது பெருத்துக்கொண்டே போனது, முழுசாக, மினுமினுவென்று, என் உள்ளங்கையை மறைக்கிற அகலத்துக்கு. உடனே கணவரின் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலை நேரத்தில் நான் எடுப்பதே இல்லை.

"என்ன? பிள்ளைக்கு ஏதுமோ?" என்று பதறினார்.

"இலை! முழு இலை வந்திட்டுது!"

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "பிளவு இல்லையே? வடிவாப் பாத்தனீரே?" என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ பிரெஞ்சில் சொல்வதும், குசினிக்குள் யாரோ சட்டியில் கரண்டியால் தட்டிக் கொண்டாடுவதும் கேட்டது. 2011இல் சிரித்த சிரிப்பை அன்றைக்குத்தான் கொஞ்சம் மன்னித்தேன்.

அடுத்த குளிர்காலம் அரைவாசி இலைகளைத் தின்றது. 2017 கோடையில் மரத்தில் பதினேழு இலை. அதில் கூழுக்கு ஆகக்கூடிய முழு இலை பத்து. வரப்போகிறவர்களை விரல்விட்டு எண்ணினேன். மகளையும் என்னையும் சேர்த்துச் சரியாகப் பத்துப் பேர். மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து, "இந்த முறை கப் வாங்கவேண்டாம்" என்றேன்.

"இலையைப் பிடுங்கி ஈரத்துணியிலை சுத்திக் கொண்டு போவம்," என்றார் கணவர்.

"கொண்டு போனால் உங்கடை அக்கா என்ன சொல்லுவா? கடையிலை பார்சலிலை வந்த இலை எண்டு சொல்லுவா. மரத்தோடைதான் போறம்."

"உமக்கென்ன விசரே?"

விசர்தான், முழுப் பைத்தியம்தான். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் வாங்கின புது விளக்குமாற்றில் இருந்து ஈர்க்கு உருவி எடுத்துக்கொண்டேன். சந்தைக்குப் போகிற சக்கரக் கூடையில் சாடியை இறக்கிக் கட்டி, மரத்துக்கு என் பழைய சேலையைச் சுற்றி, ஞாயிறு காலை கார் து நோர் ரெயில் நிலையம் வரை தள்ளிக்கொண்டு போனோம். ரெயிலில் என் கணவர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவரைவிட மரம் ஒரு சாண் உயரம். கதவு திறக்கும்போதெல்லாம் இலையில் ஆட்கள் முட்டாமல் முதுகைக் கொடுத்தார். எதிரில் நின்ற ஒரு மனிதர் அது என்ன மரம் என்று கேட்டார். நான் பிரெஞ்சு வார்த்தை தேடுவதற்குள் ஐந்து வயது மகள் முந்திக்கொண்டாள். "ஜாக்கியே" என்று பிரெஞ்சில் பெயரைச் சொல்லி, "என் அம்மாதான் இதைச் செய்தா, ஒரு கொட்டையிலிருந்து" என்றாள். அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இறங்கும்வரை நான் தரையில் நிற்கவில்லை.

மச்சாள் வீட்டுக் கதவைத் திறந்தார். முதலில் மரம்தான் உள்ளே போனது.

ஒருவரும் சிரிக்கவில்லை. நடு அறையில் சாடியை வைத்துச் சேலையை அவிழ்த்தேன். மச்சாள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோர் முன்னாலும் முதல் இலையைக் காம்போடு ஒடித்தேன். வெள்ளையாகப் பால் கசிந்தது. மச்சாள் அதை ஒரு விரலால் தொட்டு, பெருவிரலோடு ஒட்டி ஒட்டி எடுத்துப் பார்த்தார். பசையாக இழுபட்டது.

"ஓம். பிலாப்பால்தான்," என்றார்.

நான் ஒன்பதாவது இலையை ஒடித்துக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது. மச்சாளின் மகன். பக்கத்தில் அவன் விரும்புகிற ஒரு பிரெஞ்சுப் பெண்பிள்ளை, கையில் பூங்கொத்து, முகத்தில் பயம். இந்தக் குடும்பத்துக்கு முன்னால் அவளை அவன் கொண்டுவந்து நிறுத்துவது அதுதான் முதல் தரம். சொல்லாமல் கொண்டுவந்திருந்தான். பத்து, பதினொன்றாகிவிட்டது.

பத்தாவது இலையையும் ஒடித்தேன். மரத்தில் மிஞ்சியவை ஏழும் பிளந்த இலைகள். அவற்றின் கதை எனக்குத் தெரியும். பத்தையும் கோலி ஈர்க்குக் குத்தினேன். ஒருவருக்கு இலை இல்லை. மச்சாளுக்கும் எண்ணத் தெரியும். குசினி மேல்தட்டில், போன வருடத்து மிச்சம், வெள்ளைப் பிளாஸ்டிக் கப்புகள் ஓர் அடுக்கு இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வருடக்கணக்காக நான் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனம் நாக்கு நுனியில் நின்றது. சத்தியமாக நின்றது. ஆனால் வாசலில் பூங்கொத்தோடு நின்ற அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் முதல் கூழ்தான் ஞாபகம் வந்தது.

முதல் இலையை அவள் கையில் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். இருந்ததில் அகலமான, போன வருடம் முதன்முதலில் முழுசாக விரிந்த இலையை மச்சாளுக்குக் கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, மேல்தட்டில் இருந்து ஒரு கப்பை நானே எடுத்து, நானே வார்த்துக்கொண்டு, மரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்துப் பேர் கையில் என் மரம். ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் அறை முழுக்க. ஏழு பிளந்த இலையோடு அரைமொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்து, சரிதானே என்று கேட்டுக்கொண்டேன்.

கப்பை வாயில் வைக்கப்போகும்போது யாரோ அதை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். மச்சாள்.

"கூழை உந்தப் பிளாஸ்டிக்கிலையோ குடிக்கிறது?" என்றார்.

என்னுடைய அதே வார்த்தை. ஆறு வருடமாக அதை அவரும் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தான் குடித்து முடித்த இலையைக் கழுவக்கூட இல்லை. அப்படியே பானைக்குக் கொண்டுபோய், ஓர் இறாலும் நண்டுக்காலும் தேடிப் போட்டு, விளிம்புவரை வார்த்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாரும், பிடியும். உம்மடை மரத்து இலை."

வாங்கிக் குடித்தேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.